கயித்தான் அண்ணாச்சியோடு மலை ஏரிக்கு

ஓரிடத்தில் உட்கார்ந்திருக்க எனக்கு வராது. தூத்துக்குடியில் சங்குக் கிடங்கில் வேலை பார்த்த காலத்தில், சங்கை அளந்து தரம் பிரிக்கும் கை ஒரு பக்கம் ஓடும், கண் துறைமுகத்துப் பக்கம் ஓடும். தினமும் கப்பல் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டே முப்பது வயதுவரை ஒரு கப்பலிலும் ஏறாமல் இருந்தவன் நான். யுத்தம் முடிந்து கொழும்புக் கப்பலில் ஜனங்கள் மறுபடி போகத் தொடங்கிய பிறகுதான் எனக்கும் போவதற்கு ஒரு காரணம் கிடைத்தது. நல்ல காரணம் என்று சொல்ல மாட்டேன்.

ஆத்தூர்க்காரர் சிதம்பரம் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். நுவரெலியாவுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வாத்தியாராக இருந்தார். அவரிடமிருந்து மாசி மாதம் ஒரு கடிதம் வந்தது. தோட்டத்தில் ஓர் ஏரி உண்டு, ஆலை இயந்திரத்தை ஓட்டுவதற்காக ஓடையை மறித்துக் கட்டியது. அதில் படகு தள்ளுகிற கருப்பையா ஒரு சாயங்காலம் அக்கரைக்குப் போனான், திரும்பவில்லை. காலையில் படகு மட்டும் கரையில் ஒதுங்கிக் கிடந்தது. தோட்டத்துத் துரை, அவன் ஓடிப்போய்விட்டான் என்று பேரேட்டில் எழுதிவிட்டார். ஓடிப்போனவன் பெண்டாட்டிக்குத் தோட்டத்து லயத்தில், அதாவது கூலிக்காரர் வீட்டு வரிசையில், இடம் கிடையாது. மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அவளோ, "எம் புருசன் ஏரிக்குள்ளதான் கிடக்காரு" என்று ஒரே பிடியாக நிற்கிறாள். "பாதாளக் கரண்டி போட்டுத் துழாவிவிட்டோம், ஆழம் எட்டவில்லை. உங்கள் ஊரிலிருந்து முத்தோ சங்கோ குளிக்கிற ஒரு குளியாளியை அழைத்து வர முடியுமா?" என்று முடித்திருந்தார்.

எங்கள் கிடங்குக்குச் சங்கு கொண்டுவரும் கயித்தான் அண்ணாச்சியிடம் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வாலிபத்தில் முத்துக் குளித்தவர், அப்புறம் முத்துச் சிலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடக்காமல் போனதால் சங்குக்கு வந்தவர். அது சங்கு குளிக்கிற மாதம். பத்து நாள் கடலை விட்டுவிட்டு வர எந்தக் குளியாளிக்கும் மனம் வராது. அவர் வலையை மடித்துக்கொண்டே கேட்டார், முடித்ததும் சொன்னார்:

"கடல்ல போனவன வீட்டுக்குக் கொண்டு வந்து சேக்குதது எங்க வழக்கம்லா. ஏரின்னா மட்டும் என்ன? வாரேன்னு எழுதிப் போடு."

குளியாளி தனியாகப் போக முடியாது. அவர் இடுப்பில் கட்டிய கயிற்றை மேலே படகில் ஒருவர் பிடித்திருக்க வேண்டும். எங்கள் கடற்கரையில் அந்த வேலை மச்சினனுக்குத்தான். தன் உடன்பிறந்தாள் தாலி அறாமல் இருக்க வேண்டும் என்ற கவலை அவனுக்குத்தானே அதிகம். கயித்தானுக்கு அப்படி ஒரு மச்சினன், தொம்மை. நான் இங்கிலீஷ் பேசவும் கடுதாசி எழுதவும் கூடப் போகிறேன் என்பது ஏற்பாடு.

துறைமுகத்தில் டாக்டர் தொம்மையின் கண் இமையைப் புரட்டிப் பார்த்தார். உள்ளே சிவப்பு. "இந்த ஆள் போக முடியாது" என்று சீட்டைக் கிழித்தார். தொம்மை கெஞ்சினான். பின்னால் நின்ற வரிசை முணுமுணுத்தது. கப்பலுக்குக் கொண்டுபோய்விடும் லாஞ்சு கூவிக்கொண்டிருந்தது. நான் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். கயித்தான் தொம்மை தோளிலிருந்த கயிற்றுச் சுருளை எடுத்து என் தோளில் போட்டார்.

"நீ பிடி" என்றார்.

"அண்ணாச்சி, எனக்கு என்ன தெரியும்?"

"தொம்மை மட்டும் பொறக்கும்போதே கயித்தோடயா பொறந்தான்? ஏறுலே தம்பி."

எங்கள் துறையில் கப்பல் கரைக்கு வராது, ஆழம் போதாது. ஐந்தாறு மைல் லாஞ்சில் போய் ஏற வேண்டும். கடலோரத்தில் பிறந்து வளர்ந்த நான் கப்பல் ஏறுவதற்கு முன்பே மூன்று முறை வாந்தி எடுத்தேன். கயித்தான் மேல்தளத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, கட்டுச்சோறும் கருவாடும் தின்றார். பிறகு எனக்குப் பாடம் தொடங்கினார். ஒரு முறை இழுத்தால் தூக்கு. இரண்டு முறை இழுத்தால் கயிற்றை விட்டுக்கொடு. "ஒண்ணுமே இழுக்கலைன்னா?" என்று கேட்டேன். "எண்ணிக்கிட்டே இரி. நூறு ஆனா, நீயா முடிவு பண்ணு" என்று சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கிவிட்டார். நான் தூங்கவில்லை.

கொழும்பில் அரிசிக்கு ரேஷன். எங்கள் பக்கத்து ஆள் நடத்திய சாப்பாட்டுக் கடையில் சோறு ஒரு கைப்பிடி, மீதிக்குப் பாணும் பருப்பும். பாண் என்றால் ரொட்டி. கயித்தானுக்கு அந்த வார்த்தை பிடித்துப்போனது. மலை ரயிலில் எதிரே ஒரு சிங்களக் கிழவர் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு அருவிக்கும் எங்களைத் தட்டி வெளியே காட்டினார். பாஷை தெரிந்த ஒருவர் பெயர்த்துச் சொன்னார்: "இவ்வளவு தூரம் வந்து பார்க்காமல் போகிறீர்களே என்கிறார்." நான் கயிற்றில் முடிச்சுப் போட்டுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தேன். ஓர் ஏற்றத்தில் சக்கரம் வழுக்கி ரயில் நின்றுவிட்டது. ஆட்கள் இறங்கித் தண்டவாளத்தில் மணல் கொட்டினார்கள். ஒன்றரை மணி நேரம். அந்தப் பெட்டிக்குள் நான் நடந்த தூரத்துக்கு நேராக நடந்திருந்தால் நாங்கள் இறங்க வேண்டிய நானுஓயா வந்திருக்கும்.

நானுஓயாவிலிருந்து தேயிலைப் பெட்டி ஏற்றும் லாரியில் போனோம். வளைவுக்கு வளைவு அதன் தண்ணீர் கொதித்தது. டிரைவர் ஒவ்வொரு அருவியிலும் நிறுத்தித் தகரத்தில் பிடித்து ஊற்றினார். பொழுது அடைந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தோம்.

மறுநாள் காலையில்தான் பள்ளத்தாக்கைப் பார்த்தேன். நாலு பக்கமும் மலை. மலை முழுக்கச் சீவிவிட்ட தலைமாதிரி தேயிலை. நடுவில் ஏரி, கறுப்பாக, அசைவில்லாமல். மேட்டில் துரை பங்களா. அதைச் சுற்றி அடுக்கடுக்காகப் பூந்தோட்டம். ரோஜாவும் டேலியாவும் எனக்குத் தெரியும். மீதிக்குப் பெயர் தெரியாது. புல்லெல்லாம் உப்பு பூத்ததுபோல் வெள்ளையாக இருந்தது. கயித்தான் குனிந்து விரலால் தொட்டார். எங்கள் ஊர்க் கோயிலில் இருப்பது பனிமய மாதா. அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

"தெனமும் பனிமய மாதாவேன்னு கும்பிடுதோம். பனின்னா என்னன்னு இன்னைக்குத்தாம்லே பாக்கேன்."

அழகான இடம்தான். படம் பிடித்து மாட்டலாம். ஆனால் எனக்கு மூச்சு முட்டியது. எங்கள் ஊரில் பார்வையைத் தடுக்க ஒன்றுமில்லை. ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் கடல். கண் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை எதிரே வந்து நின்றது. என்னால் நிற்க முடியவில்லை. ஏரியை ஒரு சுற்று சுற்றி வந்தேன். அது போதாமல் இன்னொரு சுற்று.

அணைக்கட்டின் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கருப்பையாவின் மனைவி அங்கம்மா. முப்பது வயதுக்குள் இருக்கும். வேலை இல்லாத நேரமெல்லாம் அவள் அங்கேதான் என்று சிதம்பரம் சொல்லியிருந்தார். கயித்தானைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"நீங்கதான் முத்தெடுக்கிறவுகளா, அண்ணே?"

"இப்பச் சங்குதான் தாயி" என்றார் கயித்தான். "எங்கன போனாரு, எங்கன படகு கெடந்துதுன்னு காட்டு."

துரையிடம் அனுமதி கேட்க என்னைக் கூட்டிப் போனார் சிதம்பரம். துரை எங்களை வாசலிலேயே நிறுத்தினார். கோபக்காரர் இல்லை, களைத்த மனிதர். "நான் இங்கே நிறைய ஓட்டங்களைப் பார்த்தவன். எல்லாப் பெண்டாட்டியும் என் புருஷன் ஓடமாட்டான் என்றுதான் சொல்வாள்" என்றார் இங்கிலீஷில். மதகைத் திறந்து தண்ணீரை வடிக்க முடியாது, ஆலை நின்றுவிடும். மூன்று நாள் தேடலாம். கரையில் நெருப்புப் போட விறகு அனுப்புவதாகவும் சொன்னார்.

தோட்டத்தில் இருந்தது ஒரே படகு. கருப்பையா போன அதே படகு. அதில்தான் நாங்களும் ஏறினோம். கயித்தான் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டி, அணையிலிருந்து எடுத்த ஒரு கல்லைப் பற்றிக்கொண்டு இறங்கினார். கயிறு என் கைக்குள் ஓடியது. ஆறு பாகம், ஏழு பாகம்; பாகம் என்றால் ஓர் ஆள் கை விரித்த நீளம். பிறகு நின்றது. எண்ணத் தொடங்கினேன். இருபத்தைந்துக்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. இழுத்துவிட்டேன்.

மேலே வந்தவர் படகின் விளிம்பைப் பிடித்து மூச்சு வாங்கினார். "நான் இழுத்தேனா?"

"இல்லை."

"பொறவு ஏன்லே தூக்குன?"

இரண்டாவது முறையும் அதையே செய்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மூச்சை இழுத்துக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நாலு முறை இறங்கினார். கடலில் ஒரு நாளில் முப்பது நாற்பது முறை இறங்குகிறவர். கரையேறி நெருப்பின் முன் உட்கார்ந்தபோது உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது. "உப்பில்லாத தண்ணி, தாங்க மாட்டேங்கு. மூச்சும் நிக்கல, மலை மேல இருக்கோம்லா. அடியில ஒரே இருட்டு, கையாலதான் பாக்கணும். ஒரு காடே நிக்கி கீழ" என்றார். ஏரி கட்டியபோது மரங்களை வெட்டாமலே தண்ணீரை நிறுத்திவிட்டார்களாம்.

இரண்டாம் நாள் மூடுபனி. பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியவில்லை, படகை எங்கே விடுவது? மூன்றில் ஒரு நாள் போயிற்று என்று நான் பதைத்துக்கொண்டிருந்தேன். சிதம்பரம் எங்களைப் பங்களாப் பூந்தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். தோட்டக்காரர் தமிழர்தான். ஒவ்வொரு செடிக்கும் சீமையில் எந்த ஊர் என்று சொன்னார். இரவில் பனி படாமல் இருக்க ரோஜாவுக்குச் சாக்கு போர்த்துவார்களாம்.

"இதுல எதைத் திம்பாங்க?" என்று கேட்டார் கயித்தான்.

"எதையும் தின்ன மாட்டாங்க. பார்ப்பாங்க."

கயித்தான் நியாயம்தான் என்பதுபோல் தலையாட்டினார். சிறிது தள்ளி ஒரு நீலப் பூவின் முன் வெகுநேரம் நின்றிருந்தார். என்னால் அப்படி நிற்க முடியவில்லை. அவரை அங்கேயே விட்டுவிட்டு லயத்துப் பக்கம் நடந்தேன்.

அங்கம்மா வாசலில் கோதுமை மாவு ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒன்று சுட்டு, மிளகாயும் மாசிக் கருவாடும் இடித்த சம்பல் வைத்து, பால் இல்லாத தேத்தண்ணீர் கொடுத்தாள். ஒரு வாரத்தில் ருசியோடு நான் தின்றது அதுதான். வீட்டுக்குள் கொடியில் ஒரு கறுப்புக் கம்பளி தொங்கியது.

"ஓடுறவுக இத விட்டுட்டு ஓடுவாகளா, ஐயா? வெளிய பனி கொட்டுது" என்றாள். "அதத்தான் தொரைகிட்டச் சொன்னேன். அவுக கேக்கல. இங்கன இருக்கிறவுகளும் சிரிக்கிறாக. எவளையோ இழுத்துட்டுப் போயிட்டான்னு சொல்றாக. செத்துப்போனாருன்னு காட்டத்தான் நான் அலையுறேன். எந்தப் பொம்பளைக்கும் இப்படி ஒரு அலைச்சல் வரக்கூடாது."

நாளைக்கு நான் பயந்து கயிற்றை இழுத்தால், போவது இவளுடைய பேரும்தான் என்று அப்போதுதான் உறைத்தது. இழுக்காமல் இருந்தால் போவது கயித்தான் உயிராகவும் இருக்கலாம்.

மூன்றாம் நாள் வெயில் வந்தது. கரையில் லயத்து ஜனங்கள் கூடியிருந்தார்கள். மதகுக்குப் பக்கத்தில் படகை நிறுத்தச் சொன்னார் கயித்தான். தண்ணீர் மெல்ல அந்தப் பக்கம்தான் இழுக்கிறது, எதுவும் அங்கேதான் போய் ஒதுங்கும் என்றார். முதல் இரண்டு முறையும் வெறும் கையோடு வந்தார். இரண்டு முறையும் அவர் இழுத்த பிறகுதான் நான் தூக்கினேன். மூன்றாவது முறை, "இதான் கடைசி. இதுக்கு மேல என் உடம்பு கேக்காது" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

எண்ணினேன். நாற்பது. ஐம்பது. கயிறு சும்மா இருந்தது. அறுபதில் லேசாக இழுத்துப் பார்த்தேன். மறுமுனையில் ஆள் இருக்கிற கயிறு கொஞ்சமாவது இணங்கும். இது இணங்கவில்லை, மரத்தில் கட்டியதுபோல் விறைத்து நின்றது. எங்கோ கிளையில் மாட்டியிருக்கிறது.

"இழுங்க, இழுங்க" என்று கரையிலிருந்து கத்தினார்கள். சிதம்பரம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டார். எனக்கும் இழுக்கத்தான் கை துடித்தது. இழுத்தால் கிளைக்குள் இன்னும் இறுகும். அவர் இரண்டு முறை இழுத்து விட்டுக்கொடுக்கச் சொல்ல நினைத்தாலும், அது மாட்டிய இடத்தோடு நின்றுவிடும், என் கைக்கு வராது. அவர் எனக்குச் சொல்ல முடியாத இடத்தில் இருந்தார். நானாக முடிவு செய்தேன். காலடியில் இருந்த சுருள் முழுவதையும் தண்ணீரில் விட்டேன். நுனியை மட்டும் கையில் சுற்றிக்கொண்டேன். கரையில் ஒரு பெண் வீறிட்டு அழுதாள். அங்கம்மா இல்லை, அவள் அசையாமல் நின்றாள்.

எண்பது வரை எண்ணியது நினைவிருக்கிறது. பிறகு எண்ணிக்கை தவறிவிட்டது.

படகிலிருந்து பத்துப் பதினைந்து முழம் தள்ளித் தண்ணீர் உடைந்தது. கயித்தான். மூக்கில் ரத்தம். இடுப்பில் கயிறு இல்லை. நான் துடுப்பை நீட்டி அவரைச் சேர்த்துப் பிடித்தேன்.

"அவனுக்குக் கட்டிட்டேன்" என்றார், மூச்சு திரும்பியதும். "கிளையில மாட்டுனதையும் எடுத்துவிட்டேன். இப்ப இழு, மெல்ல."

கரைக்கு வந்த பிறகு சொன்னார்: "நீ விட்டுக்கொடுத்த பொறவுதாம்லே கயிறு தளந்து மாட்டுன இடத்துக்குக் கை எட்டுச்சு. இல்லன்னா நானும் அங்கனயேதான்."

அங்கம்மா வீட்டுக்கு ஓடி அந்தக் கறுப்புக் கம்பளியைக் கொண்டு வந்து கருப்பையாவின் உடல்மேல் தானே போர்த்தினாள். குளிர்ந்த தண்ணீர் உடம்பை அதிகம் கெடுக்கவில்லை என்றார்கள். நான் பார்க்கவில்லை. இடுப்பில் கிடந்த வெள்ளி அரைஞாண் கொடியைப் பார்த்து, அவர்தான் என்று அவள் தலையசைத்தாள். அதன் பிறகுதான் அழுதாள்.

துரை வந்தார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு என்னிடம், "உன் ஆள் எப்படிக் கண்டான், என்ன நிலையில் கண்டான், கேட்டுச் சொல்" என்றார். கயித்தான் நெருப்பின் முன் நடுங்கிக்கொண்டிருந்தார். அவர் துரையைப் பார்த்துச் சொல்லவில்லை. அங்கம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"கால் ரெண்டு கிளைக்கு நடுவுல மாட்டியிருந்துச்சு தாயி. ரெண்டு கையும் மேல் கிளையப் பிடிச்சிருந்துச்சு. விரலு ஒவ்வொண்ணா எடுத்துத்தான் விட வேண்டியிருந்துச்சு. ஓடப் பாத்தவன் இல்ல. மேல வரப் பாத்தவன்."

அதை நான் இங்கிலீஷில் சொன்னேன். என் இங்கிலீஷ் சங்குச் சாக்கின் மேல் எழுதுகிற இங்கிலீஷ். ஆனாலும் துரைக்குப் புரிந்தது. அவள் வீட்டைக் காலி செய்ய வேண்டாம் என்று சிதம்பரத்திடம் சொல்லச் சொன்னார். தாம் எழுதியதை மாற்றி எழுதுவதாகவும் சொன்னார். அங்கம்மா அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சாயங்காலத்துக்குள் தேயிலைச் சரிவுக்கு மேலே புதைத்தார்கள். கயித்தானுக்குக் காய்ச்சல். அப்படியும் நடந்து வந்து ஒரு பிடி மண் போட்டார்.

காய்ச்சல் இறங்க இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் காலையில் லாரிக்காக ரோட்டில் நின்றிருந்தோம். மேலே ஆலைப் பக்கம் கொம்பு ஊதியது. வேலைக்குப் பேர் கொடுக்கப் போன ஜனங்கள் கலைந்து வந்தார்கள். அங்கம்மா கூட்டத்திலிருந்து பிரிந்து எங்களிடம் வந்தாள். முதுகில் கொழுந்துக் கூடை.

"ஓடிப்போனாருன்னு எழுதியிருந்த அவுக பேர இன்னிக்கு வாசிச்சாங்க அண்ணே" என்றாள் கயித்தானிடம். "நான் பயந்துகிட்டு நின்னேன். கணக்கப்பிள்ளை, 'ஏரியில செத்தான்'னு சொல்லிக் கோடு போட்டாரு. சிரிச்சவுக எல்லாரும் தலத்துண்ட எடுத்துட்டாக."

கயித்தான் தலையை அசைத்தார். "போயிட்டு வாரோம் தாயி" என்றார்.

"நேரமாச்சு, வரிசை போயிரும்" என்று சொல்லிவிட்டு அவள் சரிவில் ஏறினாள். லாரி வந்தது. வளைவில் திரும்பும்போது மேலே பார்த்தேன். தேயிலைக்குள் இடுப்பளவு நின்று, இரண்டு கையாலும் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தாள்.